முதல் முடிச்சு: சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ குறித்து ஒரு மறுபார்வை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா என்றால் சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு துப்பறியும் நாவல். அதுவும் அவ்வாசிரியரின் சிறந்த நாவல் அன்று. அவருடைய முதல் நாவல். குறைகள் பல உடையது. 1968ஆம் ஆண்டு குமுதம் வார இதழில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ அது. விழா நாளில் குறையுடைய நூல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குறையுடைய நூல்களை எவ்வாறு படிப்பது என்பதை அறியாத இலக்கிய வட்டம் நிறைவுடைய நூல்களையும் செம்மையாகப் படிக்க இயலாது என்பது என் எண்ணம். அதனை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

இருவேறு மறுப்புகள்

வெகுசன எழுத்தாளர் ஒருவரின் தொடக்ககால நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு திசைகளிலிருந்து மறுப்பு எழும். ஒன்று, அன்பர்களின் மறுப்பு. சுஜாதா எழுதிய எதிலும் குறை காண அவர்கள் இசையமாட்டார்கள். முதல் வரியிலேயே மேதை முழுமையாகப் பிறந்துவிட்டான் என்பார்கள். மற்றொன்று, என்னைப் போன்ற கல்லூரித் தமிழாசிரியர்களின் மறுப்பு. துப்பறியும் கதை இலக்கியமே அன்று, பிறகு அதில் நன்று ஏது, தீது ஏது என்று அவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இவை எதிரெதிரானவை. ஆயினும் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: நூலைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையை நீக்கிவிடுகின்றன.

நம் வட்டாரத்து மக்களுக்கு இந்த அணுகுமுறை விந்தையாகத் தோன்ற வேண்டும். பச்சைத்தோலைக் கையில் எடுத்தவுடன் விரலால் தடவி, வெளிச்சத்தில் விரித்து, எங்கே முட்கீறல், எங்கே உண்ணி கடித்த வடு, எங்கே கத்தி ஆழமாகப் பட்டிருக்கிறது என்று பார்த்துத் தரம் பிரிக்கும் முதியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வடுவைக் கண்டதும் அவர்கள் தோலைத் தூக்கி எறிவதில்லை. வடு இல்லையென்று பொய் சொல்வதும் இல்லை. எந்தப் பகுதி எதற்கு உதவும் என்று சொல்வார்கள். அந்த விரலின் நேர்மை திறனாய்வுக்கும் வேண்டும்.

நம் மண்ணின் முன்னோடி

தமிழில் துப்பறியும் கதை நேற்று முளைத்த செடி அன்று. பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் பாத்திரமாக்கிக் குற்றக் கதைகளை வெளியிட்டது 1894ஆம் ஆண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் பெருவாரியான வாசகர்களைப் பெற்றிருந்தனர். அவர்களோடு வைத்து எண்ணத்தக்கவர் நமக்கு அண்மையிலுள்ள ஆரணியைச் சேர்ந்த ஆரணி குப்புசாமி முதலியார். ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில நாவலாசிரியர்களின் கதைகளைத் தழுவி எண்ணற்ற நாவல்களை எழுதியவர் அவர். ‘ஆனந்தபோதினி’ இதழின் ஆசிரியராகவும் விளங்கியவர். பழைய வட ஆர்க்காடு மாவட்டம் தமிழ்த் துப்பறியும் நாவலின் தாய்வீடுகளுள் ஒன்று என்று நாம் சற்றே பெருமை கொள்ளலாம்.

பின்னர்த் தேவனின் துப்பறியும் சாம்பு நம்மைச் சிரிக்க வைத்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் நம்மை வியக்க வைத்தார். ஆயினும் இவர்கள் வாழ்ந்த உலகம் வாசகன் வாழ்ந்த உலகத்திலிருந்து ஓரடி உயரத்தில் மிதந்தது. அதனைத் தரைக்கு இறக்கியவர் சுஜாதா.

1968இல் அவருக்கு வயது முப்பத்து மூன்று. இயற்பெயர் ரங்கராஜன். திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும் சென்னை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்று, மைய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றியவர். குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் முன்னரே புகழ்பெற்றிருந்தமையால் பெயர்க் குழப்பம் நேராதிருக்கத் தம் துணைவியாரின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். சில சிறுகதைகளை எழுதிய பின்னர் அவர் மேற்கொண்ட முதல் நெடுங்கதை முயற்சியே ‘நைலான் கயிறு’.

நாவலின் குறைகள்

கதைக்களம் பம்பாய். கிருஷ்ணன் என்னும் செல்வந்தன் தன் அடுக்குமாடி வீட்டில் நைலான் கயிற்றால் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடக்கிறான். காவல்துறை ஆய்வாளர் மாதவன் விசாரிக்கிறார். ஒருவர் மீது குற்றம் சாட்டப்படுகிறது. அவருக்காக வழக்கறிஞன் கணேஷ் வாதாடுகிறான். இடையிடையே சுநந்தா என்னும் இளம்பெண்ணின் நாட்குறிப்பு வருகிறது. ஏமாற்றப்பட்டு மாண்ட அவளுடைய கதைக்கும் கிருஷ்ணனின் கொலைக்கும் உள்ள தொடர்பே முடிச்சு.

குறைகளை ஒளிவின்றிக் கூறுகிறேன்.

முதலாவது, பாத்திரங்களின் மெலிவு. வந்துபோகும் மாந்தர்களுள் பலரும் ஒரு வாரத்து அத்தியாயத்திற்குத் தேவையான அளவே உயிர் பெற்றவர்கள். செத்துக் கிடக்கும் கிருஷ்ணனைப் பற்றி அவன் பெண்பித்தன், பணக்காரன் என்பதற்கு மேல் நம் மனத்தில் எதுவும் நிலைப்பதில்லை. கொலையுண்டவன் மீது வெறுப்பும் பரிவும் கலந்து எழாவிட்டால் கொலை வெறும் கணக்காகிவிடுகிறது.

இரண்டாவது, ஊரின் மெலிவு. பம்பாய் என்னும் பெருநகரம் இங்கே முகவரியாக இருக்கிறதே ஒழிய வாழ்க்கையாக இல்லை. பிற்காலத்தில் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளில் ஒரு தெருவின் மூச்சையே நமக்குக் கேட்கச் செய்தவர் எழுதிய நகரமா இது என்று ஐயுறத் தோன்றும்.

மூன்றாவது, நாவலின் முதுகெலும்பு ஓரிடத்தில் நில்லாமை. கணேஷ் பிற்காலத்தில் தமிழ் வாசகர் உள்ளங்களில் நிலைபெற்ற பாத்திரம் என்பதை நாம் அறிவோம். இந்நாவலில்தான் அவன் முதன்முதலாகத் தோன்றுகிறான். ஆனால் இங்கே அவன் நீதிமன்றத்திற்கு வந்து, திறம்பட வாதாடி, விலகிச் சென்றுவிடுகிறான். வழக்கு கைநழுவிய பின்னும், பணி ஓய்வு பெற்ற பின்னும், உண்மையை விடாமல் தேடுபவர் மாதவன். எனவே வாசகன் யார் பக்கம் நிற்பது? ஆய்வாளரின் விடாமுயற்சியா, வழக்கறிஞனின் அறிவுக்கூர்மையா, நாட்குறிப்பின் துயரமா? மூன்று இழைகளும் தனித்தனியே உறுதியானவை. ஒரே கயிறாக முறுக்கேறவில்லை.

நான்காவது, கணேஷ் இங்கே தனியன். குறும்பும் துடுக்கும் மிக்க வசந்த் இன்னும் பிறக்கவில்லை. துணை இல்லாத அறிவாளி தன் எண்ணங்களை நமக்குக் காட்ட வழியின்றித் தவிக்கிறான். எதிரே நின்று கிண்டல் செய்ய ஒருவன் இருந்தால்தான் அறிவு உரையாடலாக மாறும் என்பதை ஆசிரியர் பின்னரே கண்டுகொண்டார்.

இக்குறைகளுக்கு ஆசிரியரின் இளமை மட்டும் காரணம் அன்று. வாரத்தொடர் என்னும் வடிவமும் காரணம். ஒவ்வொரு வாரமும் குறிப்பிட்ட பக்கங்கள். ஒவ்வொரு முடிவிலும் ஒரு திடுக்கிடல். ஏழு நாள் இடைவெளிக்குப் பின் வரும் வாசகன் மறந்துவிடாதிருக்க, சிக்கலான மாந்தரைக் காட்டிலும் எளிதில் அடையாளம் காணத்தக்க மாந்தரே வசதி. வடிவம் கேட்டதை அவர் கொடுத்தார். வடிவத்தைத் தம் விருப்பத்திற்கு வளைக்கும் வலிமை பின்னரே வந்தது.

இந்த நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலைப் பதிப்பகங்கள் சில திருப்பி அனுப்பின. இறுதியில் இருபத்தைந்து பவுனுக்கு உரிமையை விற்றார் கானன் டாயில். 1887இல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் அது வெளிவந்தது. கொலைகாரனைப் பிடித்த கையோடு கதை இலண்டனை விட்டு அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்திற்குத் தாவி, நெடுநேரம் அங்கேயே தங்கிவிடும். ஹோம்ஸைக் காணாமல் வாசகன் திகைப்பான். நூல் இரண்டாக முறிந்து கிடக்கிறது.

கவனியுங்கள்: அங்கும் கொலைக்குக் காரணம் பழைய காலத்தில் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை. அப்பழங்கதையை எங்கே வைப்பது என்பதே அங்கும் சிக்கல். டாயில் அதனைத் தனிப்பகுதியாக வெட்டி வைத்தார். சுஜாதாவோ நாட்குறிப்பாக்கி இடையிடையே ஊடுருவ விட்டார். முதல் நாவலிலேயே இந்தத் தொழில்நுட்ப முடிவை எடுத்த துணிவைப் பாராட்டாதிருக்க முடியாது.

நாவலின் ஆற்றல்

குறைகளைச் சொன்ன வாயால் நிறைகளையும் சொல்ல வேண்டும். இந்நூலின் உண்மையான நாயகன் அதன் நடை. வருணனைகளும் அறவுரைகளும் நீக்கப்பட்ட நறுக்கான வாக்கியங்கள். முழுமையடையுமுன் துண்டிக்கப்படும் உரையாடல்கள். வினைச்சொல்லே வாக்கியமாக நிற்கும் விரைவு. மாடிப்படியில் ஒருவன் இறங்குவதைக் காட்ட எழுத்துகளையே ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிபோல் இறக்கி அச்சிடச் செய்த புதுமை அவருடைய தொடக்ககாலப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதனை வெறும் விளையாட்டு என்போரும் உண்டு. அச்சிட்ட பக்கமும் பொருள் தரும் என்று பல்லாயிரம் வாசகர்களுக்கு ஒரு வார இதழ் வழியாக உணர்த்திய செயல் எளியதன்று.

ஒரு மாணவியின் வினா

இனி, நான் மிக முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். வகுப்பில் இந்நாவலைப் பற்றி ஒருமுறை பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டார்: “அம்மா, கதை தொடங்க வேண்டுமென்றால் அந்தப் பெண் சாகத்தான் வேண்டுமா?” அவருடைய தாயார் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்பவர். பயிற்சி பெற்ற திறனாய்வாளர் பலருக்கும் தோன்றாத வினா அது.

ஆம், நாவல் தொடங்க அவள் இறந்திருக்க வேண்டும். சுநந்தா பேசுகிறாள், ஆனால் செத்த பிறகே பேசுகிறாள். அவளுடைய எழுத்தைப் படிப்பவர் எவரும் அவளுக்கு உதவ முடியாது. அவளுக்காக நடப்பதும் பழிவாங்கல்தான், நீதியன்று. கெடுக்கப்பட்ட பெண், பழிதீர்க்கும் ஆண் என்னும் வார்ப்பு ரங்கராஜு காலத்திலிருந்து வந்த பழஞ்சரக்கு; திரைப்படமும் அதனை நீர் ஊற்றி வளர்த்தது. புதிய நடையில் எழுதவந்தவர் பழைய வார்ப்பை உடைக்கவில்லை. இந்நாவலின் ஆகப்பெரிய குறை எனக்கு இதுவே.

ஆயினும் வியப்பு யாதெனில், நூலில் இன்றும் உயிரோடு இருக்கும் பகுதி அந்த நாட்குறிப்பே. அறியாமையும் ஆசையும் அச்சமும் கலந்த அந்தக் குரலில் ஆசிரியர் உத்தியை மறந்துவிட்டு ஒரு மனத்தைக் கேட்கிறார். ஆகப்பெரிய குறையும் ஆகச்சிறந்த பகுதியும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய ‘காயத்ரி’யை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1977இல் திரைப்படமாகவும் வந்த கதை அது. அங்கும் ஒரு பெண்ணின் கையெழுத்துதான் கதையின் ஊற்று. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் ஏட்டில் அவள் தன் இன்னலை எழுதி வைத்திருக்கிறாள். ஆனால் அங்கே அந்த எழுத்தைப் படிப்பவர்கள் கணேஷும் வசந்தும். அவர்கள் அவளைத் தேடிப் புறப்படுகிறார்கள். சுநந்தாவின் எழுத்து சாட்சியம். காயத்ரியின் எழுத்து கூக்குரல். முன்னதைப் படித்தால் கொலைக்காரணம் தெரியும். பின்னதைப் படித்தால் கடமை பிறக்கும். ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வில் வரும் வெள்ளி என்னும் கிராமத்துப் பெண்ணோ ஏட்டில் அன்றி, கதைக்குள்ளேயே நடமாடி, சினந்து, காதலித்து வாழ்கிறாள்.

மெலிந்த முதல் நாவலைப் படித்திராவிட்டால் இந்த வளர்ச்சி நமக்குப் புலப்படாது. எழுத்தாளன் தன் முதல் முடிச்சைத் தூக்கி எறிந்து வளர்வதில்லை; அதே முடிச்சிற்கு மீண்டும் மீண்டும் திரும்பி வந்து, ஒவ்வொரு முறையும் சற்று வேறாக அவிழ்த்துப் பார்த்தே வளர்கிறான்.

நம் வட்டாரமும் குற்றக்கதையும்

இவையெல்லாம் நமக்கு எதற்கு? சொல்கிறேன். மாலைமதி, ராணிமுத்து முதலிய மாத நாவல்களும் பேருந்து நிலையக் கடையில் தொங்கிய பாக்கெட் நாவல்களும் நம் ஊர்களில் பல குடும்பங்களின் முதல் நூலகம். பாட்டி கைநாட்டு, தாய் எட்டாம் வகுப்பு, மகள் பட்டதாரி என்னும் வரிசையில் தாய்க்கும் மகளுக்கும் நடுவே அந்த மலிவுப் பதிப்புகள்தாம் கை கொடுத்தன. ஆனால் அவற்றில் கொலைகள் பம்பாயிலும் டில்லியிலும் சென்னையிலும் நடந்தன. பாலாற்றங்கரை வரவில்லை.

இங்கே குற்றம் இல்லையா? 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை உச்சநீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தோல் பதனிடும் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. பத்து உயிர்கள் மாண்டன. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுள் யாரேனும் நாட்குறிப்பு எழுதியிருந்தால் அது எம்மொழியில் இருந்திருக்கும், யார் படித்திருப்பார்கள்?

‘நைலான் கயிறு’ போன்ற நாவலில் ஒரு கயிறு, ஒரு கழுத்து, ஒரு கை உண்டு. கையைக் கண்டுபிடித்தால் கதை முடிந்தது. நம் வட்டாரத்துச் சாவுகளில் கைகள் பல. அவற்றுள் சில நமக்குச் சோறு போடும் கைகள். இதனை எழுத முன்வரும் இளைஞன் அந்தப் பழைய வார்ப்பை எடுத்துக்கொண்டால் தோற்பான். வார்ப்பு எங்கே உடைகிறது என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். அதனைக் கற்பிக்கக் குறையுடைய நூலே தக்க ஆசான். நிறைவுடைய நூல் தன் தையலை மறைத்துவிடும்.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, உரிமையோடு ஒன்று சொல்கிறேன். கடந்த பத்தாண்டுகளில் நம் மேடையில் பல முதல் நூல்கள் வெளியிடப்பட்டன. பொன்னாடை போர்த்தினோம், வாழ்த்துரை வழங்கினோம், மதிப்புரை என்ற பெயரில் மீண்டும் வாழ்த்தினோம். வீட்டிற்குச் சென்ற பின் அந்நூலை எத்தனை பேர் பிரித்தோம்? முகத்திற்கு நேரே புகழ்வதும் முதுகுக்குப் பின்னால் இகழ்வதும் எழுத வந்தவனை ஒரே வகையில்தான் கைவிடுகின்றன. முதல் நாவலோடு சுஜாதாவை எவரும் நிறுத்திவிடவில்லை. இதழ் இடம் கொடுத்தது. வாசகர்கள் அடுத்ததைக் கேட்டார்கள். அவர் திருத்தி எழுதினார். 2008 பிப்ரவரி 27 அன்று அவர் மறைந்தபோது தமிழ் உரைநடையில் அவர் கைபடாத மூலை அரிதாக இருந்தது.

ஆகவே பதினோராம் ஆண்டிலிருந்து ஒரு புது வழக்கத்தைத் தொடங்குவோம். நம் வட்டாரத்து இளையவர் ஒருவரின் முதல் படைப்பை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்து, அவரையும் அமர்த்தி, வரி வரியாகப் படித்து, எங்கே முறுக்கேறவில்லை, எங்கே உயிர் இருக்கிறது என்று பேசுவோம். முதல் கூட்டத்திற்கு என் மாணவியை அழைத்து வருகிறேன். அந்த வினாவிற்கு விடையாக அவர் ஒரு நாவலை எழுதத் தொடங்கியிருக்கிறார். அதில் வரும் பெண் காலணித் தொழிற்சாலையில் தைக்கிறாள். கதை முடியும்வரை உயிரோடு இருக்கிறாள். ஏழு அத்தியாயங்கள் படித்தேன். குறைகள் நிறைய உண்டு; நேர்மையான வாசகர்கள் தேவை.